பிஸ்கட் டின்னுக்குள் தங்க ஃபுளோரைடு

தங்கத்தை எதுவும் தொடாது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். துருப்பிடிக்காது, அமிலத்தில் கரையாது, மண்ணில் புதைத்து வைத்தாலும் போட்டபடியே இருக்கும். அது முழு உண்மையில்லை என்பதை என் கையாலேயே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் செய்முறை இன்றும் எனக்கு மனப்பாடம். ஆனால் அதைச் சொல்ல வாயெடுத்தால் அதோடு சேர்ந்து எங்கள் வீடு கெட்டுப்போன கதையும் வந்துவிடுகிறது. அதனால் பல காலமாக அதை யாரிடமும் சொல்வதில்லை.

பாறசாலைக்குத் தெற்கே மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். எங்கள் சபையில் படித்த பெண்கள் உண்டு. நர்ஸாகப் போனவர்கள், டீச்சர் ஆனவர்கள். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கென்று வடக்கே ரயிலேறியது நான்தான். அம்மாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "அவ படிக்கட்டு. படிப்பில என்ன ஆணு, என்ன பெண்ணு?"

வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இருந்த ஆய்வுக்கூடம் அது. எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் சீமையில் படித்துவிட்டு வந்தவர். தங்கத்தையும் ஃபுளோரினையும் சேர்த்து ஒரு பொருள் செய்ய முடியுமா என்று உலகத்தில் பலர் பல காலமாகப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். கரைசல்களைக் கலந்து செய்யப் பார்த்தால் தண்ணீர் கெடுத்துவிடும். கிடைப்பதெல்லாம் பழுப்புச் சேறுதான். அண்மையில்தான் சீமையில் ஒருவர் தண்ணீரே படாத ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தார். அதை இங்கே செய்துபார்க்கும் வேலை எனக்கு.

மாவுபோல நுணுக்கிய சுத்தத் தங்கத்தை ஒரு குவார்ட்ஸ் பாத்திரத்தில் போடவேண்டும். அதன்மேல் புரோமின் டிரைஃபுளோரைடு என்ற திரவம். பார்க்க இளமஞ்சளாகப் புகைந்துகொண்டிருக்கும். ஒரு சொட்டு தக்கையில் விழுந்தால் தக்கை தீப்பிடிக்கும். தண்ணீரில் விழுந்தால் வெடிக்கும். ஆனால் தங்கம் அதற்குள் அமைதியாகக் கரைந்தது. சத்தமில்லை, நுரையில்லை. பிறகு காற்றை உறிஞ்சி எடுத்து மிச்சத் திரவத்தை விரட்டினால் ஒரு மஞ்சள் கட்டி தங்கும். அதைப் பொறுமையாகச் சூடாக்கவேண்டும். கொஞ்சம் கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. ஒட்டியிருந்த புரோமின் சரக்கெல்லாம் போய்விட்டால் அடியில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பொடி இருக்கும். அதுதான் தங்க டிரைஃபுளோரைடு.

எத்தனையோ தடவை பாழாகி, கடைசியில் ஒரு நாள் அந்தப் பொடி சரியாக வந்தது. காற்றின் ஈரம் பட்டாலே அது கெட்டுவிடும். பென்சீனில் போட்டால் தீப்பற்றும். மிக அதிகச் சூட்டில் ஃபுளோரின் பறந்துபோய் வெறும் தங்கம் மிஞ்சும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தேன். பேராசிரியர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிச் சொல்வதே பெரிய விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து அம்மா அடிக்கச் சொன்ன தந்தி வந்தது. அப்பாவைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்ற போராட்டம் அப்போது உச்சத்தில் இருந்தது. ஊர்வலம், கடையடைப்பு, கைது. விளவங்கோடு பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்திருந்தார்கள். அப்பா கொடி பிடிக்கிற ஆளில்லை. நெய்யாற்றின்கரை தாலுகாவின் தென்பகுதியில் இருக்கிற நாமும் தமிழர்தான், நம்மை விட்டுவிட்டு எல்லை போடாதீர்கள் என்று கூட்டங்களில் நிதானமாகப் பேசுவார். ஒரு ஊர்வலத்தில் அவரை அடித்து, கையில் எலும்பு முறிந்த நிலையில் கொண்டுபோயிருந்தார்கள்.

பேராசிரியரிடம் விடுப்புக் கேட்டேன். திருவனந்தபுரத்தில் நான் படித்த கல்லூரியில் வேலை கிடைக்குமா என்றும் பார்க்கவேண்டியிருக்கும், அம்மா தனியாக இருக்கிறாள் என்றேன். அவர் யோசித்துவிட்டு, நான் செய்த பொடியில் கொஞ்சத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயை உருக்கி மூடி என்னிடமே தந்தார். "உன் பழைய ஆசிரியர்களிடம் காட்டு. இந்த நாட்டில் இதைச் செய்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். திறந்துவிடாதே" என்றார். அறையில் அவரும் நானும் மட்டும் இருந்தோம். எழுதி வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எதற்குத் தோன்றவேண்டும்?

குழாயைப் பஞ்சில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மடியிலேயே கொண்டுவந்தேன். பாறசாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா வாசலிலேயே நின்றாள்.

"வந்துட்டியா மக்கா? அப்பாவுக்க கை வீங்கிப் போய் இருக்காம். பாக்க விடமாட்டோம்னு சொல்லுதானுவ."

அடுத்த வாரம் கல்லூரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

காலை நேரம். அம்மா அடுப்பில் கஞ்சி வைத்திருந்தாள். ஒரு இன்ஸ்பெக்டரும் சில போலீஸ்காரர்களும். அப்பா அச்சடித்த நோட்டீஸ்கள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தார்கள். அப்பாவின் புத்தகங்களை எடுத்துத் தரையில் போட்டார்கள். பீரோவைத் திறந்தபோது டின் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் பஞ்சைப் பிரித்து, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது எந்தா?"

"கெமிக்கல் சாம்பிளாணு சார். தொறக்கருது" என்றேன், திறக்கக்கூடாது என்று அவர் மொழியிலேயே.

"வெடிமருந்தாணோ?"

அப்போது நாட்டு வெடிகுண்டு செய்கிறவர்கள் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ பொடி வைத்திருப்பார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அவர் அதைத்தான் நினைத்தார். நான் அல்ல என்றேன். இது தங்கமும் ஃபுளோரினும் சேர்ந்தது, ஆராய்ச்சிக்காகச் செய்தது என்று மலையாளத்தில் விளக்கினேன். பொன்னென்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

கூட வந்த போலீஸ்காரர்களில் ஒருவர் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய மகள் அப்பாவிடம் படித்தவள். "சாரே, இது வாத்தியாருக்க மவளாக்கும். காலேஜில படிச்ச பெண்ணு. பொய் சொல்லாது" என்றார். அப்படிச் சொன்னதற்காகவே இன்ஸ்பெக்டர் குழாயை அவரிடம் நீட்டினார். "எங்கில் நீ தொறக்கு."

"வேண்டாம் அண்ணா, ஈரக் கையில தொடாதீங்கோ!" என்று நான் கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், அவருடைய மேலதிகாரியைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பாக்குவெட்டியால் குழாயின் கழுத்தை நொறுக்கி, பொடியை உள்ளங்கையில் தட்டினார். மழையில் நனைந்து வந்த கை. பொடி பட்ட இடத்தில் சுர்ரென்று ஒரு சத்தம். மூக்கைக் குத்தும் வெள்ளைப் புகை எழும்பியது. எல்லோரும் பின்னால் தாவினார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆரஞ்சு நிறம் பழுப்பேறிக் கறுத்து, சாணிபோல ஆனது.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். அப்பா வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மக்னீசியா மருந்து அலமாரியில் இருந்தது. அதைக் கெட்டியாகக் கை முழுவதும் பூசித் துணி சுற்றினேன்.

"எரிச்சலே இல்லம்மா. என்னத்துக்கு இந்த மருந்து?" என்றார்.

"இப்ப இருக்காது அண்ணா. சாயங்காலம் வரும். இந்த ஆசிட் எலும்பு வரைக்கும் போவும். ஆஸ்பத்திரியில போய்க் காட்டுங்கோ. ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்னு சொல்லுங்கோ. மறக்காதீங்கோ."

அவர் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். உடைந்த குழாயையும் தரையில் கிடந்த சேற்றையும் ஒரு காகிதத்தில் வழித்தெடுத்துக் கட்டினார்கள். என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அம்மா மழையில் ஜீப்புக்குப் பின்னால் ஓடிவந்தாள். "அவ ஒண்ணும் செய்யேல! அது அவளுக்க படிப்பாக்கும்!" என்று அவள் கத்தியது வளைவு திரும்பும்வரை கேட்டது.

ரிமாண்டில் இருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. அடிக்கவில்லை. கேட்டதையே கேட்டார்கள். யார் சொல்லிக் குண்டு செய்தாய், எங்கே வைக்க நினைத்தாய். நான் குவார்ட்ஸ் பாத்திரத்திலிருந்து ஆரம்பிப்பேன். எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

ஜாமீனில் வெளியே வந்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. போராட்டத்தில் இருந்த எங்கள் ஆட்களே என்னைப் பற்றி நோட்டீஸ் போட்டிருந்தார்கள். தமிழ்ப் பெண், போலீஸை எதிர்க்க ஆயுதம் செய்த வீராங்கனை என்று. அப்பாவோடு கூட்டங்களில் பேசும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். எனக்குச் சின்ன வயதில் சிலேட்டு வாங்கித் தந்தவர்.

"மக்கா, நீ இல்லேன்னு எங்கயும் சொல்லாண்டாம். அவனுவ பயப்படட்டு. ஊரே ஒனக்க பேரச் சொல்லுது."

"மாமா, அது குண்டு இல்ல. அதில ஒரு ஈ கூட சாவாது. அது தங்கத்தில செய்த ஒரு பொடி. அவ்வளவுதான்."

"அது நமக்கில்லியா தெரியும்? அவனுவளுக்குத் தெரியாதே."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "எனக்க மவளுக்க சீவிதத்த வச்சு நீங்க நோட்டீஸ் அடிக்காண்டாம் அண்ணாச்சி. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவர் காப்பி குடிக்காமல் போய்விட்டார். நோட்டீஸ் மட்டும் கோர்ட்டில் வழக்குக் கட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அந்தப் பழுப்புச் சேற்றை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அறிக்கை வந்த நாள் நான் கொஞ்சம் நம்பிக்கையோடு போனேன். வெடிமருந்து எதுவும் இல்லை, தங்கம் இருக்கிறது, ஃபுளோரைடின் அடையாளம் இருக்கிறது என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். என் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகளிடம் இந்தத் தங்கம் எப்படி வந்தது?

கையில் பொடி பட்ட அந்தப் போலீஸ்காரரும் சாட்சி சொல்ல வந்தார். கை நன்றாகியிருந்தது. உள்ளங்கையில் மட்டும் வெளுத்த ஒரு தழும்பு. என்னைக் காப்பாற்றத்தான் அவர் பேசினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அவுங்கதான் எனக்க கையைப் பிடிச்சுக் கழுவி மருந்து போட்டது. இல்லேன்னா வெரலு போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

அப்படியானால் அது ஆளைக் கெடுக்கும் சரக்கென்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும், மருந்தும் தயாராக வைத்திருந்தாள் என்று எழுதிக்கொண்டார்கள். அவர் கூண்டில் நின்றபடியே "இல்ல சாரே, நான் அப்படிச் சொல்லேல, அது வயித்துக்குக் குடிக்கிற மருந்தாக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இறங்கிப் போகச் சொன்னார்கள். வராந்தாவில் என் அம்மா முன்னால் வந்து நின்று, "நான் என்ன சொன்னாலும் அவனுவ வேற ஒண்ணாக்குதானுவ அக்கா" என்று அழுதார்.

தங்கம் எங்கிருந்து வந்தது என்று ஆய்வுக்கூடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். வடக்கேயிருந்து பதில் வர மழைக்காலம் போய்விட்டது. மாதிரிகளை வெளியே கொண்டுபோக யாருக்கும் அனுமதி தரும் வழக்கம் இல்லை. குறிப்பிட்ட மாதிரி அதிகாரபூர்வமாகத் தரப்படவில்லை. புகார் கொடுக்கும் எண்ணமும் இல்லை. மேற்கொண்டு என் சேவை தேவைப்படவில்லை. அடியில் பேராசிரியர் கையெழுத்து. அவர் பயந்திருக்கிறார். அரசாங்கப் பணத்தில் நடக்கும் இடம், வெடிகுண்டு வழக்கு, எல்லைத் தகராறு. பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் "நான்தான் கொடுத்தேன்" என்று சொல்ல எத்தனை எழுத்து வேண்டும்? அவருக்கு நான் எழுதிய எதற்கும் பதில் வரவில்லை.

புகார் இல்லாததால் திருட்டு என்று நிற்கவில்லை. வெடிமருந்து இல்லாததால் அதுவும் நிற்கவில்லை. கடைசியில் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். வக்கீல் கைகொடுத்தார். ஆனால் திருவனந்தபுரத்தில் நான் படித்த கல்லூரியில், வெளியறையிலேயே உட்காரவைத்து, இப்போது இடம் இல்லை என்று பியூனிடம் சொல்லி அனுப்பினார்கள். எனக்குப் பாடம் நடத்தியவர் படியிறங்கிப் போவதை அங்கிருந்தே பார்த்தேன். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதற்கு முன்பே அப்பாவை விட்டிருந்தார்கள். முறிந்த கை கோணலாகச் சேர்ந்திருந்தது. அந்தக் கையால் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. வந்த அன்று அவர் என்னிடம் வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பொடியை எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லு" என்றார். இலக்கணம் பேசுவதுபோல அச்சுத் தமிழில்தான் கேட்டார். தமிழ் வாத்தியாருக்கு விளங்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். ஏன் தண்ணீர் கூடாது, ஏன் குவார்ட்ஸ், ஆரஞ்சு நிறம் எங்கிருந்து வந்தது. நிறத்துக்கு எனக்கே பதில் தெரியவில்லை. என் ஆராய்ச்சியை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். முடிந்ததும் கோணல் கையைத் தடவிக்கொண்டு, "நல்ல வேலை செய்திருக்கிறாய்" என்றார். எனக்கு அழுகை வந்தது. எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

பிறகு எல்லை போட்டார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயின. நாங்கள் இந்தப் பக்கம், கேரளத்தில் நின்றுவிட்டோம். எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் வீட்டு முற்றத்துக்குக் கேட்டது. அடிபட்டவர்களில், ஜெயிலுக்குப் போனவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு. அன்று எங்கள் ஊரில் ஒருவர்கூட வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நோட்டீஸ் போட்ட மாமா மறுபக்கத்தில் நடந்த கூட்டத்தில் மாலையோடு நின்றார் என்று சொன்னார்கள். அவர் வீடு அந்தப் பக்கம்.

கொஞ்ச காலம் கழித்து அப்பா ஒரு முடிவு சொன்னார். "நாம களியக்காவிளைக்கு அங்ஙன போயிருவோம். ஒரு வீடு பாக்கேன்."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமல், "நான் வரல்ல" என்றாள். "இந்த மண்ணில எனக்க ரண்டு பிள்ளைங்க புதைஞ்சு கெடக்கு. இந்த மரச்சீனி நான் நட்டது. கோடு போட்டவனுவளுக்காவ நான் எதுக்கு எடத்த விடணும்? கோடு வேணும்னு கேட்டது நீங்க. நானில்ல."

அடுத்த வாரம் அப்பா ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகவே போய்விட்டார். எல்லைக்கு அப்பால், சந்தைக்குப் பின்னால் ஒரு அறை. மூன்று மைல் தூரம் இருக்கும். கோபித்துக்கொண்டு பிரிந்தவர்கள் என்று சொல்லமுடியாது. அம்மா தினமும் அவருக்குச் சோறு கட்டித் தருவாள். நான் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்குச் சயின்ஸ் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. வழக்கைப் பற்றிக் கேட்காத ஒரே இடம் அது. சோதனைக்குழாய்கூட இல்லாத பள்ளிக்கூடம்.

அப்பா அந்த அறையில் என்ன செய்தார் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அம்மைக்கு சுகமா?" என்று கேட்பார். "சுகம்தான். உங்களையும் கேட்டாவ" என்பேன். "அவ எனக்கிட்ட வரமாட்டா" என்பார். அவர் ஆசைப்பட்ட மாநிலத்தில் அவரைத் தெரிந்தவர் யாருமில்லை. தெரிந்த ஊரில் இருக்க அவரால் முடியவில்லை. இதில் நான் யாரைச் சரி என்று சொல்ல? அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிக் கெஞ்சிப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். சோற்றுப் பாத்திரத்தைக் கொடுப்பேன், காலிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வருவேன்.

ஒரு ஐப்பசி மாதம் நெஞ்சில் சளி கட்டி, அந்த அறையிலேயே இறந்துபோனார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சொல்லி அனுப்பி, நான் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அம்மா வந்தாள். அத்தனை காலமும் எல்லையைத் தாண்டாதவள் அன்றைக்குத்தான் தாண்டினாள். கட்டிலருகில் நின்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கத்துச் சபைக்காரர்கள், எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் தருகிறோம், அவர் விரும்பி வந்த மண்ணாயிற்றே என்றார்கள்.

"வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றாள் அம்மா.

டாக்ஸியின் பின்சீட்டில் அவரைச் சாய்த்துவைத்து, ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டு வந்தோம். செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள். டார்ப்பாய் போர்த்திய லாரிகள் முன்னால் நின்றன. மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு இளம் போலீஸ்காரன் கண்ணாடி வழியே குனிந்து, "எந்துண்டு உள்ளில்?" என்று கேட்டான். அரிசி கடத்துகிறவர்களைத் தேடும் நாட்கள் அவை.

நான்தான் சொன்னேன். "அச்சனாணு. மரிச்சு போயி."

அவன் தொப்பியை எடுத்துவிட்டு, முன்னால் நின்ற லாரிகளை ஒதுங்கச் சொல்லிக் கத்தினான். ஒதுங்க இடமில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. அப்பாவின் கோணல் கை என் மடியில் கிடந்தது. அது சில்லிட்டுப் போயிருந்தது. அம்மா அவர் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். லாரிகள் நகரும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்த இடத்திலேயே இருந்தோம்.